சீஷெல்ஸில் கம்பெனி, கோவையில் கடை: பணம் வாங்குவது எப்படி?

கேள்வி: எம்பிராய்டரி மெஷினில் போட்டுத் தைக்கும் டிசைன் கோப்புகளை வீட்டிலேயே தயாரித்து இணையத்தில் விற்கிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனிக்காரர்கள். மாதம் சுமார் 1,800 டாலர் வியாபாரம். ‘வெளிநாட்டு கம்பெனி இருந்தால் கார்டு பணம் வாங்குவது சுலபம்’ என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பி, போன வருடம் சீஷெல்ஸ் தீவில் ஒரு கம்பெனி பதிவு செய்தேன். இதுவரை மூன்று பேமென்ட் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. இப்போது வாட்ஸ்அப்பில் ஒருவர், 2,000 டாலர் முன்பணமும் 8 சதவீதக் கமிஷனும் கொடுத்தால் தன் மெர்ச்சன்ட் அக்கவுண்டில் (வியாபாரிகள் கார்டு பணம் வாங்கும் கணக்கு) என் விற்பனையை ஓட்டித் தருவதாகச் சொல்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் என் கணவரின் அக்கா மகன், தன் பெயரில் அக்கவுண்ட் திறந்து தரவும் தயார். எது நல்லது?
— கோவை வாசகி

பதில்: சகோதரி, அந்த வாட்ஸ்அப் ஆளுக்கு ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு பேமென்ட் நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் பதினோரு ஆண்டுகள் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். உங்களைப் போன்றவர்களின் விண்ணப்பம் வந்தால் என்ன செய்வோம் தெரியுமா? பதிவுச் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே இணையதளத்தைத் திறந்து, நேராக அடிப்பக்கத்துக்குப் போவோம். அங்கே முகவரி சீஷெல்ஸின் மாஹே தீவு என்று இருக்கும், கீழேயே +91 என்று தொடங்கும் கைபேசி எண். ‘பணம் திருப்பித் தரும் விதிமுறை’ என்பதைத் தட்டினால் வெற்றுப் பக்கம். இயக்குநரின் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட், மின்கட்டண ரசீது கோவை வீட்டுடையது. இரண்டு நிமிடத்தில் ‘மறுப்பு’ பெட்டியில் டிக் விழுந்துவிடும். விண்ணப்பித்தவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் கடை எங்கே நடக்கிறது என்று அந்தத் தாள்கள் சொல்லவில்லையே.

காரணம் இதுதான். விசா, மாஸ்டர்கார்ட் விதிப்படி, வியாபாரிக்காகக் கார்டு பணத்தை வாங்கித் தரும் வங்கிக்கு இன்ன நாடு, இன்ன பகுதி என்று எல்லை உண்டு. வியாபாரியும் அந்த எல்லைக்குள் உண்மையாகவே தொழில் நடத்த வேண்டும். ஏஜெண்டின் அலுவலக முகவரியில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஸ்ட்ரைப் என்ற பெரிய பேமென்ட் நிறுவனம் சேவை தரும் நாடுகளின் பட்டியலில் சீஷெல்ஸே கிடையாது. இப்படிப்பட்ட கம்பெனிகளை எடுத்துக்கொள்ளும் வங்கிகளும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் ‘ஹை ரிஸ்க்’ என்று முத்திரை குத்தி, விற்பனையில் 10 சதவீதம் வரை ஆறு மாதத்துக்குப் பிடித்து வைப்பார்கள். உங்கள் கணக்கில் மாதம் 180 டாலர், ஆறு மாதத்தில் 1,080 டாலர் எப்போதும் அவர்கள் கையில். மாதம் லட்சம் டாலர் புரளும் கடை அதைத் தாங்கும். உங்களுக்கு அது நூல் வாங்கும் காசு.

அந்த வாட்ஸ்அப் ஆள் தருவதாகச் சொல்லும் வாடகை அக்கவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன். என் மேசைக்கு வந்த ஒரு கேஸ் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஈரோட்டுக்காரர் ஒருவர் இதேபோல் இன்னொருவரின் அக்கவுண்டில் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கியவர்களின் கார்டு ஸ்டேட்மெண்டில் அவர் கடையின் பெயர் வராது. சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வரும். ‘இதை நான் வாங்கவே இல்லை’ என்று வரிசையாக சார்ஜ்பேக் போட்டார்கள், அதாவது தங்கள் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். அக்கவுண்டை மூடினோம். இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தார், கிட்டத்தட்ட நான்கு லட்சம் ரூபாய் உள்ளே இருக்கிறது என்று. அக்கவுண்ட் அவர் பெயரில் இல்லை, ஒப்பந்தத்திலும் அவர் இல்லை. விவரம் எதையும் அவரிடம் பேச எனக்கு அனுமதியே இல்லை. “சார், அது என் பணம் சார்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் அக்கவுண்டில் இன்னொருவர் விற்பனையை மறைத்து ஓட்டுவதைக் கார்டு நிறுவனங்கள் பணமோசடி வகையில்தான் சேர்க்கின்றன. இதற்காக மூடப்பட்டால் அக்கவுண்ட் மூடப்பட்ட வியாபாரிகளுக்கான மாஸ்டர்கார்டின் ‘மேட்ச்’ பட்டியலில் பெயர் ஏறும், ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கும். அதற்குள் எந்த வங்கியில் விண்ணப்பித்தாலும் அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள். நியூஜெர்சிப் பையனுக்கு நடக்கக்கூடியதும் இதுதான். போதாக்குறைக்கு உங்கள் வருமானம் முழுவதும் அமெரிக்க வரித்துறையின் கண்ணில் அவன் வருமானமாகத் தெரியும். பிரியத்தில் சொல்கிறான், அவனை இதில் இழுக்காதீர்கள்.

சரி, வழி என்ன? உங்கள் தொழில் கோவையில் நடக்கிறது. அதைக் கோவைத் தொழிலாகவே காட்டுங்கள். நீங்கள் மட்டுமே உரிமையாளராக ஒரு நிறுவனம் (புரொப்ரைட்டர்ஷிப்), சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு, ஒரு கரண்ட் அக்கவுண்ட். நீங்கள் செய்வது சட்டப்படி ஏற்றுமதி. மறைக்க இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவிலிருந்தே வெளிநாட்டுக் கார்டு பணம் வாங்க மூன்று வழி தெரிகிறது. ஸ்ட்ரைப் 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் அழைப்பு இருப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் வழி பேபால். 2021 ஏப்ரலில் அது உள்நாட்டுச் சேவையைத்தான் நிறுத்தியது; வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இன்றும் வாங்கலாம். பான் எண்ணும், பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் பர்பஸ் கோடும் கேட்கும், பணம் தானாக உங்கள் வங்கிக்கு வந்துவிடும். இரண்டாவது, எல்லை தாண்டிய பேமென்ட் அக்ரிகேட்டர்கள், அதாவது பல கடைகளுக்காக வெளிநாட்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனங்கள். 2023 அக்டோபர் 31-இல் ரிசர்வ் வங்கி இவர்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. ஒரு விற்பனைக்கு 25 லட்சம் ரூபாய் வரை இவர்கள் மூலம் வாங்கலாம்; 12 டாலர் கோப்புக்கு அது தாராளம். அனுமதி பெற்றவரா என்று மட்டும் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். பேடில், லெமன் ஸ்குவீசி, ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற நிறுவனங்கள் உங்கள் கோப்பைத் தாங்களே விற்பனையாளராக நின்று விற்று, பங்கை உங்களுக்கு அனுப்புகின்றன. இது வாடகை அக்கவுண்ட் அல்ல. எழுத்துபூர்வ ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கும், கார்டு நிறுவனங்களுக்கும் தெரிந்தே நடப்பது. இதில் பெரிய நிம்மதி வரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து அங்குள்ள தனிநபர்களுக்கு டிஜிட்டல் கோப்பு விற்றால், குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது. முதல் விற்பனையிலிருந்தே வாட் வரி உண்டு. உங்கள் ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு அதைக் கட்டினீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். பேடில் போன்ற நிறுவனங்கள் அதை வசூலித்துக் கட்டிவிடும்.

கட்டணம் குறைவல்ல. பேடில் ஒரு விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும் எடுக்கிறது. 12 டாலர் கோப்புக்கு 1 டாலர் 10 சென்ட், அதாவது 9 சதவீதத்துக்கும் மேல். நான்கு டிசைன்களைச் சேர்த்து 40 டாலருக்கு ஒரு தொகுப்பாக விற்றால் இரண்டரை டாலர்தான், ஆறேகால் சதவீதம். பூ வேலை, மயில், கோலம் என்று தொகுத்துப் போடுங்கள். எம்பிராய்டரி கோப்புகளை ஏற்பார்களா என்பதைச் சேருவதற்கு முன் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையையும் கொஞ்சம் சரிசெய்யுங்கள். எந்தக் கோப்பு எந்த மெஷினுக்கு, கோப்பு வகை டிஎஸ்டியா பிஇஎஸ்ஸா என்பது வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ‘என் மெஷினில் திறக்கவில்லை’ என்பதில்தான் பாதி சார்ஜ்பேக் பிறக்கும். யார், எந்தத் தேதியில், எத்தனை முறை பதிவிறக்கினார் என்ற பதிவையும் வைத்திருங்கள்.

கடைசியாக அந்தச் சீஷெல்ஸ் கம்பெனி. இதை நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் இந்த வாரமே எடுத்துப் போங்கள். பங்கு உங்கள் பெயரில் இருப்பதால் அது 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி படிவத்தை வங்கி மூலம் கொடுத்திருக்க வேண்டும். ஏஜெண்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். தாமதக் கட்டணத்தோடு சரிசெய்ய வழி உண்டு. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் காட்ட வேண்டும், ஒரு ரூபாய் வருமானம் வராவிட்டாலும். நீங்கள் சிறு தொழிலுக்கான ஐடிஆர்-4 போடுகிறவர் என்றால் அது இனி செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, வீடு நிலம் அல்லாத சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் காட்டத்தான் வேண்டும். அதன்பின் கம்பெனியை முறையாகக் கலைத்துச் சான்று வாங்குங்கள். வருடக் கட்டணம் கட்டாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்று ஏஜெண்ட் சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: சீஷெல்ஸ் வேண்டாம், எஸ்தோனியாவின் இ-ரெசிடென்சி எடுத்தால் ஸ்ட்ரைப் கிடைக்குமாமே?
— திருச்சி வாசகர்

பதில்: எஸ்தோனியா ஸ்ட்ரைப்பின் பட்டியலில் இருக்கிறது, அது உண்மை. 2014 டிசம்பரில் தொடங்கிய இ-ரெசிடென்சி ஒரு டிஜிட்டல் அடையாள அட்டை. அதை வைத்து அங்கே கம்பெனி தொடங்கலாம், கையெழுத்திடலாம். குடியேறும் உரிமையோ வங்கிக் கணக்குக்கு உத்தரவாதமோ அதில் கிடையாது. லாபத்தை வெளியே எடுக்கும்போது அங்கே 22 சதவீத வரி, அது போகக் கணக்காளர் செலவு மாதாமாதம். திருச்சியில் உட்கார்ந்து நடத்தினால், மேலே கோவை வாசகிக்குச் சொன்ன எஃப்சி படிவமும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் உங்களுக்கும் உண்டு. ஐரோப்பாவில் கூட்டாளியோ நிரந்தர வாடிக்கையாளர்களோ இருந்தால் யோசியுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, அதனால் உங்களுக்கு இது வேண்டாம்.