ஆர்தர் நாவல்களில் வரலாறு எவ்வளவு? கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனின் பழங்கதை மன்னர் ஆர்தர் வாழ்ந்தாரா என்றே உறுதியில்லை. அப்புறம் அவரைப் பற்றிய நாவலை வரலாற்றுப்படி சரி, தவறு என்று எப்படிச் சொல்வது சார்?

பதில்: ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்தாஸ், பிரிட்டன் மக்கள் சாக்சன்களை வென்ற பேடன் மலைப் போரைக் குறிப்பிடுகிறார், ஆர்தரின் பெயரைச் சொல்லவில்லை. சுமார் 830-ல் எழுதப்பட்ட லத்தீன் வரலாற்று நூல்தான் அவரைப் போர்த்தலைவராகக் காட்டுகிறது. பேடனில் ஒரே நாளில் 960 பேரைத் தனியாளாக வீழ்த்தினார் என்கிறது! அதனால் ஆர்தரை விட்டுவிட்டு, அவரைச் சுற்றியுள்ள உலகம் கி.பி. 500-ஐ ஒட்டி இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் ரோஸ்மேரி சட்கிளிஃப் நாவலில், ஆர்தரின் மனைவியைக் காதலிக்கும் வீரர் லான்சிலாட்டையே காணோமே?

பதில்: அவர் செய்தது சரி. லான்சிலாட்டும் ஆர்தரின் அரசவை இருந்த கேமலாட்டும் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியான் வழியாகக் கதைக்குள் வந்தவை. ஆர்தரின் வீரர்கள் அமரும் வட்ட மேசை 1155-ல் வாஸ் எழுதிய காவியத்தில் வருகிறது. சட்கிளிஃப் தம் 1963 நாவலில், பழைய வெல்ஷ் மரபில் ஆர்தரின் தோழராக உள்ள பெட்விருக்கு அந்தக் காதலன் இடத்தைக் கொடுத்தார்.

கேள்வி: இரும்புக் கவசமும் அங்கவடியும் வரலாமா?

பதில்: உடல் முழுக்க மூடும் தகட்டுக் கவசம் 15-ஆம் நூற்றாண்டுச் சங்கதி. குதிரை வீரர் கால் வைக்கும் அங்கவடியும் ஆர்தர் காலத்தில் பிரிட்டனில் இல்லை. அதற்காகக் குதிரைப்படையையே நீக்க வேண்டாம். ரோமானியச் சேணத்தில் நான்கு கொம்புகள் உண்டு, அவை தொடையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை வைத்தே சண்டைக் காட்சியை நன்றாக எழுதலாம்.

கேள்வி: இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் உள்ள டின்டாஜல் கோட்டை ஆர்தருடையதுதானே?

பதில்: இன்று நிற்கும் சுவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் கட்டியவை. ஆனால் அதே பாறைமுனையில் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு மக்களின் குடியிருப்பு கிடைத்திருக்கிறது. கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த ஒயின், எண்ணெய் ஜாடிகளின் உடைசல்கள், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் எல்லாம் அங்கே கிடந்தன. அந்தக் காலம் என்றாலே பல நாவல்களில் சேறும் புகையும் பசியும்தான். கார்ன்வால் தலைவன் ஒருவன் ஆசியா மைனர் தட்டில் சாப்பிட்டு, கிரேக்க ஒயின் குடிக்கும் காட்சியை எழுதுங்களேன். அது கற்பனையாக இருந்தாலும் மண்ணுக்குள் சான்று இருக்கிறது.

கேள்வி: அங்கே ஆர்தர் பெயர் பொறித்த கல் கிடைத்ததாமே?

பதில்: 1998-ல் கிடைத்த பலகைக்கல்லில் இருப்பது ‘ஆர்டோக்னூ’. வேறு பெயர். செய்தித்தாள்கள்தான் முடிச்சுப் போட்டன.

கேள்வி: பின்னுரையில் மாற்றங்களை ஒப்புக்கொண்டால் போதுமா?

பதில்: எனக்குப் போதும். லான்சிலாட் இல்லாமல் கதை நகராது என்றால் தாராளமாக வரட்டும். அவரை ஆறாம் நூற்றாண்டு உண்மை என்று அட்டையில் போட்டு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.