91 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால்: ஆய்வுச் செய்திகளை எப்படி வாசிப்பது?

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எடையைக் குறைப்பதற்காக இருவரும் எட்டு மாதங்களாகக் காலை பத்து மணிக்குச் சாப்பிடத் தொடங்கி மாலை ஆறு மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். ‘எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள் இதயநோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் அதிகம்’ என்ற செய்தியை மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பி, உடனே நிறுத்தச் சொல்கிறான். இதே முறை ஆயுளைக் கூட்டும் என்ற செய்தியைப் போன வருடம் அனுப்பியவனும் அவன்தான். எதை நம்புவது? ‘ஆய்வில் தகவல்’ என்று தினமும் வருகிற செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: நான் மருத்துவர் அல்லன், ஆய்வுமுறையும் புள்ளியியலும் கற்பிப்பவன். ஆயினும், உங்கள் கணவர் மாத்திரை எடுத்துக்கொள்வதால் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் நீண்ட நேரம் உண்ணாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். இது நெடுநாளாக மருத்துவர்கள் அறிந்த விஷயம். இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. எட்டு மாதங்களாக நீங்கள் பின்பற்றும் உணவு நேரம் அவருடைய மருத்துவருக்குத் தெரியாது என்றால், வாட்ஸ்அப் செய்தியைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது அதுதான்.

இனி அந்த 91 சதவீதத்துக்கு வருவோம். 2024 மார்ச் மாதம் அமெரிக்க இதயச் சங்கம் சிகாகோவில் ஒரு மாநாட்டை நடத்தியது. அங்கே ஒட்டப்பட்ட சுவரொட்டி விளக்கம் ஒன்றின் சுருக்கத்தை வைத்துச் சங்கம் ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட, உலகெங்கும் நாளிதழ்கள் அதைச் செய்தியாக்கின. ஆய்வை நடத்தியவர்கள் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர். அன்றைக்கு முழுக் கட்டுரை என்று ஒன்று வெளிவந்திருக்கவில்லை. அத்துறையின் பிற ஆய்வாளர்கள் படித்துப் பார்த்துக் குறைகளைச் சுட்டும் கட்டத்தையும் அது கடந்திருக்கவில்லை. ஆய்வாளர்களுக்குள் பேச்சைத் தொடங்கி வைப்பதற்கான இடம்தான் மாநாட்டுச் சுவரொட்டி. அதை நாம் காலை உணவை முடிவு செய்யும் இடமாக்கிவிட்டோம்.

அந்தக் குழுவினர் யாருக்கும் எட்டு மணி நேர உணவுமுறையைப் பரிந்துரைத்து அதன் விளைவைக் கண்காணிக்கவில்லை. அமெரிக்க அரசு பல்லாண்டுகளாக நடத்திவரும் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2003 முதல் 2018 வரை கலந்துகொண்ட சுமார் 20,000 பேரின் தரவை எடுத்து, அதை இறப்புப் பதிவேட்டுடன் பொருத்திப் பார்த்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் உணவுப் பழக்கம் பதிவாகும் விதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. நடமாடும் பரிசோதனை மையத்துக்கு வருபவரிடம், முந்தைய 24 மணி நேரத்தில் என்னென்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். சில நாள் கழித்துத் தொலைபேசியில் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்கிறார்கள். அவ்வளவுதான். ஆக, இரண்டே நாள் சாப்பாட்டைப் பற்றிய நினைவு ஒருவருடைய வாழ்நாள் பழக்கமாகக் கொள்ளப்பட்டு, அதன் அடிப்படையில் சராசரியாக எட்டு ஆண்டுகள் கழித்து அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கப்பட்டது. உங்கள் வீட்டில் போன செவ்வாயும் வெள்ளியும் யார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது குடும்பத்தின் பழக்கத்தை எவ்வளவு காட்டுகிறது என்பது புரியும்.

அந்த இரண்டு நாளின் சராசரியில் எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்தவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் 414 பேர் மட்டுமே. அவர்களில் எத்தனை பேர் உங்களைப் போல் எடையைக் குறைக்கத் திட்டமிட்டு அப்படி உண்டார்கள், எத்தனை பேர் இரவுப் பணியாலோ, கையில் காசில்லாததாலோ, ஏற்கெனவே இருந்த நோயால் பசி எடுக்காததாலோ ஒரு வேளையைத் தவறவிட்டார்கள் என்பது அந்தத் தரவில் இல்லை. புகைப்பழக்கமும் அதிக எடையும் அந்தக் குழுவில் கூடுதலாக இருந்ததை அப்போதே பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கழித்துச் சரிசெய்யும் முறைகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் அளந்து வைத்ததை மட்டும்தான் கழிக்க முடியும். நோய் வந்ததால் சாப்பாடு குறைந்ததா, சாப்பாடு குறைந்ததால் நோய் வந்ததா என்ற கேள்விக்கு, அவதானிப்பை மட்டும் நம்பும் ஆய்வு அநேகமாகப் பதில் சொல்வதில்லை.

2025இல் இதே குழுவின் முழுக் கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் அந்த எண் 135 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. மகன் அதையும் அனுப்பக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன்: சக ஆய்வாளர்கள் படித்து ஏற்றிருக்கிறார்கள் என்ற அளவில் இது ஒரு படி மேலே போயிருக்கிறது, ஆனால் தரவின் ஊற்று அதே இரண்டு நாள் நினைவுதான். இதை அப்படியே தள்ளிவிடவும் கூடாது. ஏற்கெனவே இதயநோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்தான். உண்ணும் நேரமே இறப்புக்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு இதற்கு வலு இல்லை.

போன வருடச் செய்திக்கும் இதே நீதிதான். கலந்துகொள்வோரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்தும் சோதனைகளே காரணத்தைத் தொடும் தகுதி உள்ளவை. 2020இல் அமெரிக்காவில் 116 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடந்த சோதனையில், எட்டு மணி நேரக் குழுவினருக்கும் மூன்று வேளை உண்டவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2022இல் சீனாவின் குவாங்சோ நகரில் உடல்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் இரு குழுவினரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு குழு மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் உண்டது. அந்தக் குழு சராசரியாக 8 கிலோவும் மற்றது 6.3 கிலோவும் குறைந்தன. இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குச் சிறியது. அதாவது குறைத்த கலோரிதான் பெரும்பாலான வேலையைச் செய்தது, கடிகாரம் அல்ல. ஆயுளைக் கூட்டும் என்ற கூற்றுக்கு மனிதர்களிடம் இவ்வளவு சான்றுகூடக் கிடையாது.

‘91 சதவீதம் அதிகம்’ என்ற சொற்றொடரையே இனிச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். இது ஒப்பீட்டு எண். எதைவிட அதிகம் என்பது தெரியாதவரை இதற்குப் பொருளே இல்லை. கணக்குக்காக, ஒரு நோயால் 1,000 பேரில் 10 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 91 சதவீதம் கூடும்போது அது ஏறத்தாழ 19 பேராகும். ஆயிரத்துக்கு ஒன்பது பேர் கூடுதல். 1,00,000 பேரில் 10 பேர் என்றால், அதே 91 சதவீதம் லட்சத்துக்கு ஒன்பது பேர்தான். தலைப்பு எழுதுபவருக்கு இரண்டும் ஒன்று, நமக்கு அப்படியல்ல.

இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு விலை கொடுத்திருக்கிறது. 1995 அக்டோபரில் அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று அறிவித்தது. இரட்டிப்பு என்பது உண்மைதான்: 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பதே அதன் பொருள். ஆனால் ‘இரண்டு மடங்கு’ என்ற சொல் மட்டும் ஊரெங்கும் பரவியது. பயந்த பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. இத்தனைக்கும், ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிடக் கர்ப்பத்தின்போது அதிகம்.

எண்ணைச் சரியாகச் சொன்ன ஆய்வும் வெறும் தற்செயலாக இருக்கலாம். 2015இல் அமெரிக்க அறிவியல் பத்திரிகையாளர் ஜான் போஹானன் ஜெர்மனியில் சிலருடன் சேர்ந்து ஒரு விளையாட்டு நடத்தினார். பதினைந்து பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தினமும் சிறிதளவு கறுப்புச் சாக்லேட் கொடுத்து, மூன்று வாரத்தில் எடை, கொழுப்பு, தூக்கம் என்று பதினெட்டு அளவுகளைக் குறித்தார். சாக்லேட் தின்றவர்களின் எடை வேகமாகக் குறைந்ததாக ‘முடிவு’ வந்தது; காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் ஓர் ஆய்விதழில் கட்டுரையும் வந்தது; ‘பில்டு’ நாளிதழின் முதல் பக்கம் வரை செய்தி போனது. தரவு பொய்யல்ல. ஆனால் தற்செயலுக்கு ஐந்து சதவீத இடம் கொடுக்கும் வழக்கமான அளவுகோலில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பதினெட்டு விஷயங்களை அளந்தால், ஒன்றாவது ‘வெற்றி’ பெறும் வாய்ப்பு அறுபது சதவீதம். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். மறுவாரம் தங்கள் ஆய்வேட்டுக்குத் தாங்களே இருபது அளவுகளோடு வந்து நிற்பார்கள்.

சமூக அறிவியலில் இந்தச் சிக்கல் கூடுதல். நடத்தையும் மனமும் பற்றி ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ ஆகிய இரு ஆய்விதழ்களில் 2010 முதல் 2015 வரை வெளிவந்த 21 சோதனைகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, முன்னைவிடக் கூடுதல் ஆட்களோடு, மறுபடி செய்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பதின்மூன்றில் மட்டுமே பழைய முடிவு மீண்டும் கிடைத்தது. விளைவின் அளவும் சராசரியாக முன்பு சொன்னதில் பாதிதான். இதில் என்னைக் கவர்ந்தது வேறு ஒன்று. மறுசோதனை தொடங்கும் முன், எது நிற்கும், எது விழும் என்று பிற ஆய்வாளர்களைப் பந்தயம் கட்டச் சொன்னார்கள். அவர்களின் ஊகம் பெரும்பாலும் பலித்தது. துறைக்குள் இருப்பவர்களுக்கு வாசனை தெரிந்திருக்கிறது. ஆகவே செய்தியில் ஆய்வு செய்தவரின் மேற்கோள் மட்டும் இருக்கிறதா, ஆய்வில் பங்கு பெறாத ஒருவரின் கருத்தும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது இல்லையென்றால், அது பத்திரிகைக் குறிப்பின் மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் வழி உண்டு. செய்தியில் ஆய்விதழின் பெயரோ, ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாளமான டிஓஐ எண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள். நம் நாளிதழ்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் குறை. பெயர் கிடைத்தால், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் ‘பப்மெட்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். கட்டுரைச் சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம், கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் தலைப்பின் மேலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். பெரிய ஆய்விதழ் என்பதே உத்தரவாதம் அல்ல: கொரோனாவுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி 2020 மே 22 அன்று ‘லான்செட்’ வெளியிட்ட, 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லிக்கொண்ட கட்டுரை, மூலத் தரவைக் காட்ட முடியாமல் இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. சிகிச்சை பற்றிய கேள்வி என்றால் தனி ஆய்வைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் ‘காக்ரேன்’ அமைப்பின் சுருக்கங்கள் மேல். அவற்றுள் பல தமிழிலும் கிடைக்கின்றன. முழுக் கட்டுரை வேண்டுமானால், அரசுக் கல்லூரியில் படிக்கும் உறவினர் யாரையாவது கேளுங்கள்: 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன.

உங்களைப் பொறுத்தவரை, மாலை ஆறு மணிக்குள் உண்டு முடிப்பது உங்களுக்கு வசதியாக இருந்து, எடையும் குறைந்திருந்தால், இந்த ஒரு ஆய்வுக்காக நிறுத்த வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் எடை குறையவில்லை என்றால், மணியைவிடத் தட்டின் அளவைப் பாருங்கள். கணவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது மாத்திரை அட்டையோடு இரண்டு விவரங்களையும் எழுதி எடுத்துப் போங்கள்: அவர் கடைசியாக உண்ணும் நேரம், மறுநாள் காலை உண்பதற்கு முன் வீட்டுக் கருவியில் ஒரு வாரம் எடுத்த சர்க்கரை அளவுகள். இடையில் அவருக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மணி பார்க்காமல் உடனே சர்க்கரை கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.