பெட்டியில் 1,111 விழுக்காடு: அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது, முப்பது ஆண்டுகளாகப் புகைப்பவர். நேரடி விற்பனையில் இருக்கும் உறவினர் ஒருவர், சிகரெட்டின் நஞ்சை முறித்துப் புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி, 189 வெள்ளிக்கு ஒரு போத்தல் ஆன்டிஆக்ஸிடண்ட் மாத்திரை கொடுத்திருக்கிறார். அன்றாடத் தேவையில் 1,111 விழுக்காடு வைட்டமின் சி இருப்பதாகப் பெட்டியில் போட்டிருக்கிறது. கிளினிக்கில் 70 மில்லிகிராம் போதும் என்றார்கள். மகனோ 90 என்கிறான். எது சரி? இதைத் தொடர்ந்து வாங்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: அம்மா, வாங்க வேண்டாம், வாங்கியதையும் அவர் சாப்பிட வேண்டாம். நீங்கள் அனுப்பிய பெட்டிப் படத்தில், வைட்டமின் சி என்ற கொட்டை எழுத்துக்கு நான்கு வரி கீழே, பூதக்கண்ணாடி கேட்கும் பொடி எழுத்தில், ‘பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம்’ என்று இருக்கிறது. காரட்டுக்கு நிறம் தரும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள் அது. புகைப்பவர் படிக்க வேண்டிய வரி அதுதான்.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களைக் கொண்டு நடந்து, 1994இல் முடிவு வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்திருக்க, அது 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்களுக்கும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களுக்கும் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த ஆய்வு, பாதகமான போக்கு தெரிந்ததால் 1996இல் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. இது மாத்திரையைப் பற்றிய எச்சரிக்கை; காரட்டையும் பப்பாளியையும் அவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

இனி 70க்கும் 90க்கும் உள்ள வழக்கு. இரண்டும் சரிதான். 70 என்பது நம் சுகாதார அமைச்சின் பரிந்துரை. 90 என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2000ஆம் ஆண்டில் ஆண்களுக்கு வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு 45. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்க மட்டும் என்றால் 10 மில்லிகிராமே போதும். உடலின் இருப்பு எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதில் குழுக்கள் வேறுபடுவதால் எண்ணும் வேறுபடுகிறது: அமெரிக்கக் குழு, வெள்ளை அணுக்களில் வைட்டமின் சி ஏறக்குறைய நிரம்பியும் சிறுநீரில் அதிகம் வீணாகாமலும் இருக்கும் நிலையை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அதன்பின், பாதிப் பேருக்குப் போதுமான சராசரித் தேவையைக் கண்டு, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்காக அதன்மேல் ஒரு பங்கைக் கூட்டி, நூற்றுக்கு 97 அல்லது 98 பேருக்குப் போதும்படி பரிந்துரையை நிர்ணயித்தார்கள். ஆகவே அந்த எண்ணிலேயே தாராளம் அடங்கியிருக்கிறது. இந்த மாத்திரையில் உள்ள 1,000 மில்லிகிராமை 90ஆல் வகுத்தால் பெட்டியில் இருக்கும் 1,111 விழுக்காடு வந்துவிடும். நம் நாட்டு 70ஆல் வகுத்திருந்தால் 1,429 என்று இன்னும் பகட்டாகப் போட்டிருக்கலாம், விற்றவர் கவனிக்கவில்லை போலும். ஒரே வேளையில் ஒரு கிராமைத் தாண்டினால் குடல் அதில் பாதியைக்கூட ஏற்பதில்லை; ஏற்றதிலும் மிகுதி சிறுநீரில் போய்விடும்.

உறவினர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. புகைப்பவரின் உடலில் வைட்டமின் சி விரைவாகச் செலவாவதால், அவர்களுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று அதே அமெரிக்கக் குழு சொன்னது. 90உடன் கூட்டினால் 125. கொய்யாவில், ரகத்தைப் பொறுத்து, 100 கிராமுக்கு 150 முதல் 230 மில்லிகிராம் வரை இருக்கிறது. சென்ற வாரம் உங்கள் வட்டாரத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் ஆசாம் பொடி தூவிக் கொடுத்த நான்கு வெள்ளிக் கொய்யாப் பையிலேயே அந்த 125 அடங்கிவிடும்.

‘ஆன்டிஆக்ஸிடண்ட்’ என்பதற்கென்று பொதுவான தினசரி அளவு எதுவும் வகுக்கப்படவில்லை. அதே அமெரிக்கக் குழு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அளவு சொல்லிவிட்டு, பீட்டா கரோட்டினுக்குப் பரிந்துரை அளவு எதையும் வகுக்காமல் விட்டது. பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும், ஆன்டிஆக்ஸிடண்ட் ஆற்றலைக் குறிக்கும் ‘ஓராக்’ மதிப்பும் சோதனைக் குழாயில் அளந்தது. உடலுக்குள் நடப்பதை அது காட்டாது என்பதாலும் விளம்பரங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தியதாலும், அமெரிக்க வேளாண் துறை அந்தப் பட்டியலையே 2012இல் விலக்கிக்கொண்டது.

பதிவெண்ணையும் பாருங்கள். சத்து மாத்திரைக்கு ‘மால்’ என்று தொடங்கி ‘என்’ எழுத்தில் முடியும் எண் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அது தென்படவில்லை. எண் இருந்தாலும் புற்றுநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்ய 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. உறவுக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது சட்டத்தைவிடச் சிக்கலானது என்பதை நான் அறிவேன். இருந்தாலும் அந்த நான்காம் வரியை அவருக்குக் காட்டுங்கள், அவர் வேறு புகைப்பவர்களுக்கும் இதையே விற்றுக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த டோகோட்ரைனால் மாத்திரை, வைட்டமின் ஈ தேவையை ஈடுகட்டுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: டோகோட்ரைனால் வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் வைட்டமின் ஈக்கு அமெரிக்கக் குழு வகுத்த, நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், அதே குடும்பத்தின் ஆல்ஃபா டோகோபெரால் என்ற வகை மட்டுமே சேரும். எனவே மாத்திரையில் ஆல்ஃபா டோகோபெரால் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். அதன் பெயருக்கு முன் ‘டி’ என்று மட்டும் இருந்தால் இயற்கை வகை. ‘டிஎல்’ என்று இருந்தால் செயற்கை வகை, அதில் பாதியளவே கணக்கில் வரும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள்.