வெளிநாட்டில் படிக்கப் போகிறேன். அங்கே நகரின் வாடகை சைக்கிள் திட்டத்தை நம்பி இருக்கலாமா?

நான் படித்தது பாரிஸில். அதனால் அங்கே ஓடும் 'வெலிப்' திட்டத்தை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். காலை வகுப்புக்குப் போக அதை மட்டும் நம்பாதீர்கள். வீடு திரும்ப அதைப் போல வசதி வேறு எதுவும் இல்லை.

எல்லாம் ஊரின் மேடு பள்ளத்தால் வருவதுதான். நான் தங்கியிருந்த மெனில்மொந்தான், ஊருக்குக் கிழக்கே ஒரு மேடு. வகுப்போ சேன் நதியைத் தாண்டி ஜுஸ்ஸியூவில். காலையில் மேட்டில் குடியிருப்பவர்கள் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் போய்விடுவார்கள். சைக்கிளை எடுக்கவும் விடவும் ஆங்காங்கே இருக்கும் ஸ்டேஷன்களில் மேலே உள்ளவை காலி, கீழே உள்ளவற்றில் நிறுத்த இடம் கிடைக்காது. மாலையில் அதே ஏற்றத்தை மிதித்து வர ஆள் குறைவு. 2007 ஜூலையில் வெலிப் தொடங்கிய சில காலத்திலேயே இது பெரிய தலைவலியாகி, மேட்டு ஸ்டேஷன்களில் சைக்கிளைக் கொண்டுவந்து விடுபவர்களுக்கு 15 நிமிடம் இலவச ஓட்ட நேரம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வண்டிகளில் ஏற்றி இடம் மாற்றும் வேலையும் தினமும் நடக்கிறது. இருந்தாலும் தேர்வு நாளில் நான் மெட்ரோவில்தான் போவேன்.

இரவுக்கு வேறு கணக்கு. சேன்த் ஜெனெவியேவ் நூலகம் பத்து மணிக்கு மூடும். அதற்குப் பிறகு நண்பர்களோடு பேசிக்கொண்டே நேரம் போய்விடும், வார நாட்களில் மெட்ரோவோ ஒன்றேகால் மணி வாக்கில் நின்றுவிடும். சைக்கிள் இருந்தால் மணி பார்க்க வேண்டாம். சுல்லி பாலம் ஏறி, பஸ்தீய் சதுக்கத்தைச் சுற்றி, பேர் லாஷேஸ் கல்லறையின் நீண்ட மதிலோரமாக மேலே வருவேன். மெட்ரோவிலேயே போய் வந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த பாரிஸ் வெறும் ஸ்டேஷன் பெயர்கள்தான். எந்தத் தெரு எதில் போய்ச் சேருகிறது, நதி எங்கே வளைகிறது என்பதெல்லாம் பிடிபட்டது இந்த இரவுப் பயணங்களில்தான். படிக்கப் போகிற யாரும் இதை இழக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

பச்சை நிறம் சாதாரண சைக்கிள், நீலம் எலெக்ட்ரிக். இறக்கத்துக்குப் பச்சை போதும். ஏற்றத்துக்கு நீலம் கிடைத்தால் விடாதீர்கள்.

சைக்கிளை எடுப்பதற்கு முன் உட்காரும் சீட்டைப் பாருங்கள். பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தால் அந்தச் சைக்கிளில் கோளாறு என்று அர்த்தம். யாரும் சட்டம் போட்டுச் செய்வதில்லை, முன்னால் ஓட்டியவர் அடுத்தவருக்காகத் திருப்பிவிட்டுப் போகிறார். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்களும் மறக்காமல் செய்யுங்கள். சீட் நேராக இருந்தாலும் இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், பெடலைப் பின்னால் சுற்றி செயின் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டை உயர்த்தி இறுக்கிய பிறகு கையால் ஓங்கி அழுத்துங்கள். இறங்கினால் வேறு சைக்கிள். இதற்கெல்லாம் அரை நிமிடம்கூட ஆகாது.

திருப்பி விடும்போது இதைவிடக் கவனம் வேண்டும். சைக்கிளை ஸ்டேஷனில் பூட்டும் இடத்துக்குள் நன்றாகத் தள்ளி, இரண்டு முறை 'பீப்' கேட்ட பிறகே நகருங்கள். அது கேட்காவிட்டால் கணக்கில் பயணம் ஓடிக்கொண்டே இருக்கும். சைக்கிள் தொலைந்தால் 300 யூரோ பிணைத் தொகை போகும், மாணவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

தெருவில் எல்லாம் வலதுபக்கம். சிக்னலுக்குக் கீழே மஞ்சள் சைக்கிள் போட்ட சின்ன முக்கோணப் பலகை இருந்தால், அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும், நடப்பவர்களுக்கும் மற்ற வண்டிகளுக்கும் வழிவிட்டு, சிவப்பிலும் போகலாம். பலகை இல்லையென்றால் நிற்கத்தான் வேண்டும். 2015 ஜூலை முதல் காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவது குற்றம், 135 யூரோ அபராதம். ஓரமாக நிற்கும் கார்களிடமிருந்து ஒரு கதவு அகலமாவது தள்ளியே ஓட்டுங்கள். லாரி, பஸ்ஸின் வலப்பக்க இடுக்கில் மட்டும் தயவுசெய்து நுழையாதீர்கள். வளையும்போது ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஹெல்மெட் பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

லா ஷப்பேல் பக்கம் தமிழ்க் கடைகளுக்குப் போய் வரவும் சைக்கிள் வசதிதான். முன்கூடையில் அரிசி மூட்டையை வைத்தால் மட்டும் ஹேண்டில்பார் ஒரு பக்கமாக இழுக்கும். அரிசியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, கூடையில் கீரையையும் முருங்கைக்காயையும் வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, 14 முதல் 26 வயது வரை சந்தாவில் சலுகை உண்டு. பச்சை சைக்கிளுக்கு முதல் 30 நிமிடம் சந்தாவிலேயே அடக்கம். மெனில்மொந்தானிலிருந்து ஜுஸ்ஸியூவுக்கு அது தாராளம். 26 வயதுக்குள் இருந்தால் மெட்ரோவுக்கு மாணவர்களுக்கான 'இமாஜின் ஆர்' பாஸையும் எடுத்துவிடுங்கள். அதே அட்டையை வெலிப் கணக்கோடு இணைத்துவிட்டால் சைக்கிளையும் அதை வைத்தே திறக்கலாம்.