பிரான்சில பொட்டு வைக்கலாமோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ஆறு மாசம், மகள் கொலேஜுக்கு, அதுதான் இஞ்சத்த நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிட்டா, பள்ளிக்கூடத்தால ஒரு தாள் குடுத்துக் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கினம், அதில மத அடையாளம் போடக்கூடாது எண்டு கிடக்கு, "இது சாமிக்கே எதிரான நாடோ அக்கா, பிள்ளை பொட்டு வைக்கலாமோ, கோயிலுக்குப் போனா விசாவுக்குப் பிரச்சினை வருமோ" எண்டு கேட்டிருக்கிறீங்கள். கோயிலுக்குப் போறதால விசாவுக்கு ஒண்டும் வராது, அதை முதல்ல மனசில இருந்து எடுத்துப் போடுங்கோ. நான் 1999இல வந்தனான், வந்த புதுசில இதே பயம் எனக்கும் இருந்தது. அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

அந்தத் தாள் 2013இல இருந்து எல்லா அரசாங்கப் பள்ளிக்கூடத்திலயும் சுவரில தொங்கிற லைசிதே சாசனம், 15 அம்சம் இருக்கு. லைசிதே எண்டா அரசாங்கத்தையும் மதத்தையும் பிரிச்சு வைக்கிற கொள்கை. கையெழுத்து வைச்சா மதத்தை விட்டிட்டன் எண்டு அர்த்தமில்லை, வாசிச்சு விளங்கிச்சு எண்டு மட்டும்தான். லைசிதே எண்ட சொல்லை இஞ்ச நாளுக்குப் பத்துத் தரம் கேப்பீங்கள், கேக்கிற ஆளுக்கு ஏத்த மாதிரி அர்த்தமும் மாறும், ஆனா அடி எங்க இருக்கெண்டா 1905 டிசம்பர் 9ஆம் திகதிச் சட்டத்தில. அதுக்கு முந்தி நூறு வருஷமா, நெப்போலியன் 1801இல பாப்பரசரோட செய்த ஒப்பந்தப்படி, பாதிரிமாருக்கு அரசாங்கமே சம்பளம் குடுத்தது, பிஷப்பை நியமிக்கிறதிலயும் அரசாங்கம் கை வைச்சது, பதிலுக்குக் கத்தோலிக்கச் சபை அரசியலுக்குள்ள முழுசா நிண்டது. அதை வெட்டி விட்டதுதான் 1905. முதலாம் பிரிவு சொல்லுது, குடியரசு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துது, வழிபாட்டை சுதந்திரமா நடத்தலாம் எண்டு. ரெண்டாம் பிரிவு சொல்லுது, அரசாங்கம் எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளம் குடுக்காது, மானியம் குடுக்காது எண்டு. முதலாவது எங்களுக்குத் தந்த உரிமை, ரெண்டாவது அரசாங்கத்துக்குப் போட்ட கட்டு. இந்த வித்தியாசத்தை மட்டும் பிடிச்சு வைச்சிருங்கோ, மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

எனக்கு இது மனசுக்குள்ள இறங்கினது படிவம் நிரப்பேக்கதான். ஊரில எந்தப் படிவம் எடுத்தாலும் இனம், மதம் எண்டு ஒரு கோடு இருக்கும், இஞ்ச முதன்முதல் ஒபிஸில தாளைத் தந்து நிரப்பச் சொல்ல நான் அந்தக் கோட்டைத் தேடினனான், அது இல்லவே இல்லை. பிறகுதான் தெரியும், 1872க்குப் பிறகு இந்த நாட்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பிலயே மதம் கேக்கிறேல்லையாம். அண்டைக்கு வீட்ட வந்து அழுதனான். இலங்கையின்ர பழைய சோல்பரி யாப்பில 29ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருந்ததும், ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை குடுக்கிற சட்டம் போடேலாது எண்டு அதில இருந்ததும், 1972இல அதைத் தூக்கிப்போட்டு பௌத்தத்துக்கு முதன்மை இடம் எண்டு எழுதினதும், அதுக்கு எதிரா தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் ஐயா எம்பி பதவியை விட்டதும் எங்கட அப்பா சொல்லிச் சொல்லியே நான் வளந்தனான். 1978 யாப்பில 9ஆம் பிரிவா அது இண்டைக்கும் இருக்கு. 2019இல முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில நீதிமன்றம் வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் ஒரு பிக்குவின்ர உடலை எரிச்சவை, பாத்திருப்பீங்கள். அரசாங்கம் ஒரு சாமியைத் தன்ர சாமி ஆக்கினா மற்றச் சாமி கும்பிடுறவைக்கு என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதால லைசிதே எண்ட உடன பயப்படாதேங்கோ, அந்த ரெண்டாம் பிரிவு எங்கட ஊரில இருந்திருந்தா எண்டு நான் எத்தினை தரம் நினைச்சிருக்கிறன்.

இனி பிள்ளையின்ர விஷயம். 2004 மார்ச் 15ஆம் திகதிச் சட்டம்தான் மகளைப் பிடிக்கும். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில, கொலேஜ், லிசே எண்ட மேல்நிலைப் பள்ளி எல்லாத்திலயும், பிள்ளையள் தங்கட மதத்தை எடுப்பாக் காட்டிற உடுப்போ அடையாளமோ போடேலாது. தலையில போடுற ஹிஜாப், யூதப் பிள்ளையளின்ர தொப்பி, பெரிய சிலுவை, இவையைத்தான் அந்த நேரம் சுற்றறிக்கையில எழுதினவை. சட்டைக்குள்ள கிடக்கிற சின்னப் பென்ரனுக்குத் தடையில்லை. பொட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, என்ர மகள் சின்னக் கறுத்தப் பொட்டோடதான் நாலு வருஷமும் போனவ, ஒருத்தரும் கேக்கேல்ல, ஆனா வேற இடத்தில கேட்டதா தெரிஞ்ச ஆக்கள் சொல்லியிருக்கினம். நெத்தி முழுக்கத் திருநீறு பூசி அனுப்பாதேங்கோ, அதில வீணா மல்லுக்கட்ட வேண்டாம். அப்பிடியும் ஆராவது கூப்பிட்டுக் கேட்டா, தண்டனைக்கு முந்திப் பிள்ளையோட பேசவேணும் எண்டு அந்தச் சட்டத்திலயே எழுதிக் கிடக்கு, அதைக் கேளுங்கோ, பிரெஞ்சு தெரிஞ்ச ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இது பிள்ளைக்கு மட்டும்தான், நீங்கள் பொட்டும் தாலியுமா வாசலில நிண்டு பிள்ளையைக் கூப்பிடலாம், யூனிவர்சிட்டி மாணவருக்கும் இந்தச் சட்டம் இல்லை.

வேலை வேற கதை. நான் ஒரு நகரசபையின்ர குழந்தைகள் காப்பகத்தில வேலை செய்தனான், அரசாங்க வேலை எண்டா வேலை நேரத்தில எந்த மத அடையாளமும் கூடாது. ஒரு பொறுப்பதிகாரி என்ர பொட்டைக் கழட்டச் சொன்னவ, எல்லாருக்கும் முன்னால, இது மதமோ வழக்கமோ எண்டு கேக்காமலே. சட்டத்தில அவவின்ர பக்கமும் ஒரு நியாயம் இருக்கு எண்டு இப்ப விளங்குது, அவ கதைச்ச விதத்துக்கு இண்டைக்கும் மனசு நோகுது. 2021 ஆகஸ்ட் 24 சட்டத்துக்குப் பிறகு, பொதுச்சேவையை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்திற தனியார் கொம்பனியளுக்கும் இதே விதி, அதால பஸ், கன்ரீன் வேலை தேடேக்க கேட்டுப் பாருங்கோ.

இதுக்குள்ள ஒரு விஷயம் கவனிச்சீங்களோ, 1905இல கட்டுப் போட்டது அரசாங்கத்துக்கு. 2004இல அது பிள்ளையளின்ர தலையில வந்து இருக்கு. 2016இல கடற்கரையில பூர்கினி எண்ட உடம்பு முழுக்க மூடிற நீச்சல் உடுப்புப் போட்டுக் குளிக்கக்கூடாது எண்டு சில மேயர்மார் தடை போட்டவை, கொன்செய் டெத்தா, அதுதான் இஞ்சத்த உயர் நிர்வாக நீதிமன்றம், வில்நெவ் லூபே ஊர்த் தடையை நிப்பாட்டினது. 2023இல அபாயா எண்ட நீளச் சட்டையைப் பள்ளிக்கூடத்தில தடை செய்தவை, அந்தத் தடையை அதே நீதிமன்றம் நிப்பாட்டேல்ல. 2020இல சமுவேல் பத்தி எண்ட ஆசிரியர், வகுப்பில முகமது நபியின்ர கேலிச்சித்திரம் காட்டினதுக்காக பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவே கொல்லப்பட்டவர், அந்தக் கோரத்துக்குப் பிறகு ரீச்சர்மாருக்குப் பயம் இருக்கு, அது ஞாயமான பயம். ஆனா அந்தப் பயத்தை வைச்சு எலெக்‌ஷன் நேரம் வோட்டுச் சேக்கிறவையும் இருக்கினம். எங்கட ஆக்கள் சிலர் சொல்லுவினம், "அது முஸ்லிம் ஆக்களுக்குத்தானே, எங்களுக்கு என்ன" எண்டு. தயவுசெய்து அந்தக் கதையில சேராதேங்கோ தங்கச்சி. எனக்கு அதைக் கேட்டா வயிறு எரியும். சிறுபான்மையா இருந்து அடி வாங்கி ஓடிவந்த நாங்கள் இன்னொரு சிறுபான்மைக்கு நடக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது.

எல்லா மதத்துக்கும் ஒரே தூரம் எண்டு சொல்லுறதும் முழுசா உண்மையில்லை. வருஷத்தில 11 பொது லீவில 6 கிறிஸ்தவ நாள், தீபாவளிக்கு நீங்கள் கேட்டுத்தான் லீவு எடுக்கவேணும். அல்சாஸ், மொசெல் பக்கம் 1905இல ஜெர்மனியிட்ட இருந்ததால அங்க இண்டைக்கும் பாதிரிமாருக்கும் ரபிமாருக்கும் அரசாங்கச் சம்பளம், எங்கட ஐயருக்கோ இமாமுக்கோ இல்லை.

மற்றதுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். பள்ளிக்கூடச் சாப்பாட்டில மாட்டிறைச்சி வேண்டாம் எண்டா முதலே எழுதிக் குடுங்கோ, மாற்றுச் சாப்பாடு குடுக்கிறதும் விடுறதும் கன்ரீனை நடத்திறவையின்ர விருப்பம், கிழமைக்கு ஒரு நாள் மரக்கறிச் சாப்பாடு மட்டும் சட்டப்படி இருக்கு. தம்பிக்குக் கல்யாணம் பேசுறதா எழுதியிருந்தீங்கள், முதல்ல மேரி எண்ட நகரசபைக் கந்தோரில பதிவு, பிறகுதான் கோயில், பதிவுச் சேர்ட்டிபிக்கட் பாக்காம வழக்கமாத் தாலிகட்டி வைக்கிற ஐயருக்கு 6 மாச மறியலும் 7500 யூரோ தண்டமும் வரலாம், அதால அவர் கேட்டா கோவிக்காதேங்கோ.

கோயில்? ஆகஸ்ட் கடைசியில இல்லாட்டிச் செப்டெம்பர் தொடக்கத்தில ஒரு ஞாயிறு, பாரிஸில எங்கட கடையள் இருக்கிற லாச்சப்பலில மாணிக்கப் பிள்ளையார் தேர். பொலிஸ் றோட்டை மறிச்சு விட்டிருக்கும், கடை வாசலுக்கு வாசல் தேங்காய் மலை மாதிரிக் குவிச்சு வைச்சு உடைப்பினம், வெள்ளைக்காரப் பிள்ளையள் தகப்பன்ர தோளில இருந்து பாக்குங்கள். காலம்பறவே வாங்கோ, பத்து மணிக்குப் பிறகு மெற்றோவால வெளிய வரவே ஏலாது. மகளுக்குப் பெரிய பொட்டா வைச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ.