அந்தமான் பயணம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிசம்பரில் குடும்பத்துடன் ஐந்து நாள் வருகிறோம். எதிலிருந்து தொடங்கலாம், ஐயா?

பதில்: போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படும் ஊரில், செல்லுலார் சிறையிலிருந்து தொடங்குங்கள். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில் நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கட்டடங்கள் பிரிந்து சென்றன, எஞ்சியவை மூன்று. ஒரு கட்டடத்து அறைகளின் முகப்பு அடுத்த கட்டடத்தின் பின்புறத்தை நோக்குவதால் கைதிகள் ஒருவரையொருவர் காண இயலவில்லை. மாலையின் ஒலி ஒளிக் காட்சியோடு நிறுத்தாமல், பகலில் ஓர் அறைக்குள் சற்று நேரம் நின்று பாருங்கள். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைவதால், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் பவளப்பாறைகளைப் பார்க்கலாமா?

பதில்: அது மணற்கரை. பவளத்துக்கு அதே தீவின் எலிஃபண்ட் கடற்கரைக்குச் செல்லுங்கள். மிதிக்காதீர்கள்; கரையில் ஒதுங்கிய துண்டையும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தையும் காக்கிறது.

கேள்வி: பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவாப் பழங்குடி மக்களைப் பார்க்க முடியுமா?

பதில்: அந்த நோக்கத்தோடு போகாதீர்கள். சுண்ணாம்புக் குகைக்கும், அதற்கு முன் அலையாத்திக் காட்டினூடே செல்லும் படகுப் பயணத்துக்கும், சேற்று எரிமலைக்கும் போங்கள்.

கேள்வி: பாராடாங் போகும் சாலையை அமைத்தது அரசு, வாகனங்களைக் காவல் துறையே அணியாக அனுப்புகிறது. சன்னல் வழியே பார்ப்பதில் என்ன குற்றம்?

பதில்: சாலை இருப்பது அம்மக்களின் இசைவுக்குச் சான்றாகாது. அவர்களது காப்பகத்தினூடே செல்லும் பகுதியை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. 1990களின் இறுதியில்தான் வெளியாருடன் பழகத் தொடங்கிய அச்சிறு சமூகத்தில் 1999இல் தட்டம்மை பரவியது. நமக்குச் சிறு காய்ச்சலாக வந்துபோகும் தொற்று அவர்களுக்கு உயிராபத்தாகலாம். ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடவைத்த காணொளி 2012இல் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. அங்கே வண்டியை நிறுத்துவதும், படமெடுப்பதும், உணவு கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

கேள்வி: அப்படியானால் பள்ளியும் மருத்துவமும் அவர்களுக்கு வேண்டாமா?

பதில்: மருத்துவ உதவி அவர்களுக்குக் கிடைக்கத்தான் செய்கிறது, சுற்றுலா வண்டி எதையும் கொண்டு செல்வதில்லை. எது வேண்டுமென்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே. அந்த முடிவை அவர்கள் எடுக்கும்வரை நாம் விலகியிருக்க வேண்டும்.

கேள்வி: எந்த நேரத்து வண்டியில் போனால் ஜாரவாக்கள் தென்படுவார்கள்?

பதில்: மேலே பதில் இருக்கிறது. இக்கேள்விக்கு இனி விடையளிக்க மாட்டேன்.

கேள்வி: வடக்கு சென்டினல் தீவைத் தொலைவிலிருந்து படகில் பார்க்கலாமா?

பதில்: கூடாது. வெளியாரை ஏற்காத பழங்குடியினர் வாழும் அத்தீவை ஐந்து கடல் மைலுக்குள் நெருங்கவே தடை உண்டு.

கேள்வி: விமானக் கட்டணம் எப்போது குறையும்?

பதில்: பயண முகவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நார்கொண்டம் இருவாச்சியைக் காண வழியுண்டா?

பதில்: அப்பறவை நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழ்கிறது, வழக்கமான சுற்றுலாவில் அங்கே போக இயலாது. பறவை ஆர்வலராயின் விடியலில் போர்ட் பிளேருக்குத் தெற்கேயுள்ள சிடியா டாப்புவுக்குச் செல்லுங்கள். அந்தக் கரையிலும் பவளத் துண்டுகளைப் பொறுக்காதீர்கள்.