சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்: தூரமும் நேரமும்

கேள்வி: சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம் போதுமே! டிக்கெட்டில் நான்கேகால் மணி நேரம் என்று போடுவது ஏன்?

பதில்: 2,900 கி.மீ. என்பது இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம். குறித்துக் கொடுக்கப்பட்ட பாதையில், இடிமேகங்களை விலகிச் செல்லும் விமானம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கிறது. நீங்கள் சொல்லும் வேகமும் உயரே ஏறி முடித்த பிறகுதான் கிடைக்கும். மேலும், டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நிறுத்துமிடம் வந்து சேர்வது வரை அனைத்தும் அதில் அடக்கம்.

எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அட்டவணை நேரத்தைத் தாண்டி 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'குறித்த நேரத்தில் வந்தது' என்று கணக்கிடும் வழக்கம் இருப்பதால், நிறுவனங்கள் பயண நேரத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்கின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானமும் நேரம் தவறாததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. பயணிக்கு இது சிறிய விஷயமன்று. தாமதத்தின்போது உணவு எப்போது தரவேண்டும் என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இந்தப் பயண நேரத்தை வைத்தே தீர்மானிக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஐந்து மணி நேரம் வரையிலான பயணமென்றால், மூன்று மணி நேரத் தாமதத்துக்கு உணவும் சிற்றுண்டியும் கேட்டுப் பெறுவது, நேரத்தோடு செக்-இன் செய்தவரின் உரிமை.

கேள்வி: திரும்பி வரும் விமானம் இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்குச் சென்னை சேர்கிறது. அது வேகமான விமானமா?

பதில்: இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

கேள்வி: நேரடி விமானம் என்று முகவர் வாட்ஸ்அப்பில் உறுதியளித்ததை நம்பி, 68 வயது அம்மாவுக்கு டிக்கெட் வாங்கினேன். கோலாலம்பூரில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது; பெட்டியையும் அவரே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

பதில்: உங்கள் அம்மாவை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஒரு பயண இணையதளம் எனக்கும் இப்படித்தான் விற்றது. முதல் விமானம் தாமதமாக, இரண்டாவது டிக்கெட்டின் பணம் முழுவதும் போயிற்று, யாரும் பொறுப்பேற்கவில்லை. உங்களிடம் எழுத்து மூலமான உறுதிமொழி இருப்பதால் விட்டுவிடாதீர்கள். அந்த உரையாடலையும் ரசீதையும் சேமித்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: 15-ஆம் தேதி 00.20 மணி விமானத்துக்கு 15-ஆம் தேதி இரவு சென்றேன். விமானம் போய்விட்டது என்கிறார்கள். முழுப் பணமும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறும் என்பதைக்கூடப் பார்க்காமல் பணம் கட்டினால், விமான நிறுவனத்தைக் குறைசொல்ல வழியில்லை. பயணம் செய்யாததால் திரும்பக் கிடைக்க வேண்டிய வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் மட்டும் கேட்டு இன்றே எழுதுங்கள்.